மெழுகு

என் வேலை தண்ணீர் ஊற்றுவது.
ரோமாபுரி வழக்கு மண்டபத்தில்
இரண்டு தூண்களுக்கிடையே ஒரு முக்காலி,
அதன்மேல் நாழிகை வட்டில்,
அடியில் ஊசி நுழையும் துளை.
குற்றம் சாட்டுகிறவருக்கு ஆறு வட்டில்,
மறுக்கிறவருக்கு ஒன்பது.
சட்டம் அப்படி.
ஏன் என்று கேட்க
அரசாங்க அடிமைக்கு வாய் வைத்துப் படைக்கவில்லை.

அன்று நின்றவர் நுமீசியஸ் பாலாக்ஸ்.
கிலிக்கியாவை மூன்றாண்டு ஆண்டவர்.
அங்கே அவர் முன்னால் ஆறு பேர்
கோல்கட்டுகளைச் சுமந்து நடப்பார்களாம்.
கோல்கள் நேராகத்தான் இருந்திருக்கும்.
இங்கே இழவு வீட்டுக்காரர்போல்
அழுக்கு மேலாடை, மழிக்காத தாடை;
குற்றவாளிக் கூட்டில் அதுதான் வழக்கம்.
மோதிரங்களைக் கழற்ற மறந்துவிட்டார்.

சாட்சி ரோந்தாஸ்,
கொரிக்கஸ் மலைச்சரிவில் குங்குமப்பூ கிள்ளுகிறவன்.
பத்து விரல்நுனியும் மஞ்சள்,
நாற்பது நாள் கப்பலிலும் கரையாத மஞ்சள்.
பேசியது மலைப்பேச்சு.
அவன் ஒரு வரி சொல்வான்;
மொழிபெயர்ப்பாளன் தொண்டையைச் செருமி
அதையே லத்தீனில் சொல்வான்.
சொல் இரண்டு தடவை நடந்தது,
தண்ணீர் ஒரு தடவைதான் விழுந்தது.

"தராசு எங்களுடையது, எடைக்கல் அவருடையது.
ஒரு பூவுக்கு மூன்றே இழை.
வெயில் ஏறுமுன் கிள்ளவேண்டும்.
என் மகள்கள் கிள்ளினார்கள்.
மாதாமாதம் கல் கனத்தது.
கல் வளருமா ஐயா?"

"எடையில் முறைகேடு நிகழ்ந்தது"
என்றான் மொழிபெயர்ப்பாளன்.
வளர்ந்த கல் லத்தீனுக்கு வந்து சேரவில்லை.
எனக்குச் சேர்ந்தது.
என்னைப் பெற்றவள்
தார்சஸ் சந்தையில் விலை போனவள்;
அவள் திட்டியதெல்லாம் அந்தப் பேச்சில்தான்.

கோடையில் பொழுது நீளும், மாரியில் குறுகும்.
அதற்குத் தக்கபடி
துளையை மெழுகால் ஒடுக்குவது என் பொறுப்பு.
அது மாரி.
நான் கோடைக்குரிய மெழுகை வைத்தேன்.
கடுகளவு.
யாரும் பார்க்கவில்லை, அல்லது
பார்த்தவர் என்னைப் பார்க்கவில்லை.

"கடைசி வருஷம் கிழங்குகளையே தோண்டினார்கள்.
அவர் பண்ணைத் தோட்டத்தில் நட,
கோணி கோணியாக, கப்பலில்.
வயலில் இப்போது குழி இருக்கிறது.
குழிக்கும் வரி இருக்கிறது."

அதோடு நிறுத்திவிட்டான்.
வட்டிலில் பாதித் தண்ணீர் மிச்சம்.
நான் திருடிக் கொடுத்த பொழுது முழுவதும்
சும்மா நின்றான்,
பத்து விரலையும் விரித்து.
சொட்டு. சொட்டு.
மொழிபெயர்ப்பாளனுக்கு வேலை இல்லை.
எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார்.
நடுவர் வரிசையில் ஒரு கிழவர்
தன் விரல்களை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

ஐம்பத்தொரு நடுவர், ஐம்பத்தொரு பலகை.
பலகையின் இருபுறமும் மெழுகு:
ஒருபுறம் விடுதலையின் எழுத்து,
மறுபுறம் தண்டனையின் எழுத்து.
வேண்டாததைக் கட்டைவிரலால் தேய்க்கவேண்டும்.
நாற்பது பேர் விடுதலையைத் தேய்த்தார்கள்.
அதற்கு முந்தின இரவே பாலாக்ஸ்
ஒஸ்தியாவில் கப்பல் ஏறிவிட்டார்.
மசிலியாவில் மீன் நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

ஈடு கணக்கிட்டார்கள்.
மாளிகை மனைவி பேரில்,
பண்ணை மைத்துனன் பேரில்.
அவர் பேரில் ஒரு குதிரை லாயம், குதிரை இல்லாமல்.
கொரிக்கஸ் பங்குக்கு வந்தது
ரோந்தாஸின் திரும்பும் கப்பல் கூலிக்குக் காணாது.

மாலையில் நான் பலகைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
ஒரே சட்டியில் எல்லாம் உருகும்.
அவன் வந்து தாகம் என்றான்.
வட்டிலின் வாளியிலிருந்தே மொண்டு கொடுத்தேன்.
குடித்துவிட்டுக் கேட்டான்,
"கீழே விழுந்த தண்ணீரை என்ன செய்வீர்கள்?"

"திரும்ப ஊற்றுவோம்" என்றேன்
என் தாயின் பேச்சில்.
உச்சரிப்பு தப்பாக இருந்திருக்கவேண்டும்.
சிரித்தான்.

நாளைக்கு சர்தீனியாக்காரர்கள் வருகிறார்கள்.
ஆட்டுத்தோல் வழக்காம்.
துளையைக் குத்திச் சுத்தம் செய்தேன்,
நகத்தடியில் கொஞ்சம் மெழுகை
எடுக்காமல் விட்டேன்.