காற்று விட்டால் புதன்கிழமை

ஃபியோர்டின் கடைசி வளைவில் எங்கள் பள்ளி.
நாற்பத்தொரு பிள்ளைகள்,
எண்பத்திரண்டு பூட்ஸ்கள்.
ஈரம் துடைப்பதும்
கொதிகலனுக்குக் காது கொடுப்பதும் என் வேலை.

மாதத்தில் இரண்டு புதன்
ரெய்க்யாவிக்கிலிருந்து மனநல ஆலோசகர் வருவார்,
காற்று விட்டால்.
பழைய வரைபடங்கள் அடுக்கிய அறையில்
பிள்ளைக்கு நாற்பது நிமிடம்.
முந்தைய இரவே ஹீட்டரைப் போட்டுவைப்பேன்.

இந்தக் குளிரில் நான்கு முறை
விமானம் மலைக்கு மேல் வட்டமிட்டுத் திரும்பிப் போனது.
சத்தம் மட்டும் இறங்கியது.
ஆளில்லாத அறை கதகதப்பாகக் கிடந்தது.

ஸ்டெய்னாருக்கு ஒன்பது வயது.
வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்று
கணக்குப் பாடத்தின் நடுவில் எழுந்து ஓடுவான்.
பூட்டித்தான் இருக்கும்.
திரும்பி வருவான். மறுபடி ஓடுவான்.
அவனுக்குக் குறித்த நாள் நான்கும்
காற்றோடு போயின.

ஒரு வியாழன், பூட்ஸ் அறைத் தரையில்
மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான்.
எனக்கு என்ன தெரியும்?
குழாய் அடைத்தால் தெரியும்.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பூட்ஸ்களை எண்ணினோம்.
அறுபத்தேழில் தவறி, முதலிலிருந்து.
எண்பதுக்குக் கிட்டே மூச்சு வந்தது.
அது வைத்தியம் இல்லை,
அதுவும் எனக்குத் தெரியும்.

ஊர் மன்றத்தில், துறைமுகக் கிரேனுக்குப் பிறகு,
காபி ஆறிய நேரத்தில் எடுத்தார்கள்:
ஊரிலேயே தங்கும் பள்ளி ஆலோசகர், அரைச் சம்பளம்.
தலைமையாசிரியை தாக்பியோர்ட் தாள் தாளாக வாசித்தாள்.
"நம் காலத்தில் இதெல்லாம் இல்லையே"
என்றார் படகுக்கார இங்வார்.
பேசும் எண்ணமே இல்லை எனக்கு.
ஆனால் நின்றுகொண்டிருந்தேன்.
"இருந்தது, இங்வார்.
நம் வகுப்பில், ஜன்னலோரம்,
மூன்றாவது இருக்கை."
அவர் தன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்தார்,
வெகுநேரம்.

மூன்றுக்கு இரண்டு.
கிரேன் இன்னும் ஒரு வருடம் துருப்பிடிக்கட்டும்.

ஆகஸ்டில் தூரிதுர் பெட்டி படுக்கையோடு வந்தாள்.
வரைபடங்களை அகற்றி
மஞ்சள் பூசியிருந்த அறையைக் காட்டினேன்.
நன்றாயிருக்கிறது என்றாள்.
"அந்தப் பையன் வழக்கமாக எங்கே உட்காருவான்?"

அதனால்தான் பூட்ஸ் அறையில்
இப்போது இரண்டு முக்காலி.
துடைக்கும்போது சுற்றிக்கொண்டு போகிறேன்.
கதவு அவனை இன்னும் இழுக்கிறது,
நேற்றுகூட இரண்டு தடவை.

இன்று புதன்.
காற்று கூரைத் தகட்டைப் பிய்க்கிறது.
உள்ளே அவள் எண்ணுகிறாள்,
வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டு.
அவன் திருத்துகிறான்.