நாற்பத்து மூன்றாம் நிமிடம்

மார்ச் முப்பத்தொன்றோடு சரி என்றது அறிவிப்பு.
திரையின் அடியில், சாம்பல் பட்டையில், இரண்டே வரி:
இந்தச் சாதனத்தில் செயலி இனி இயங்காது.
உங்கள் புரிதலுக்கு நன்றி.

தண்டர் பேயில், நெடுஞ்சாலை ஓரம்
எங்கள் விடுதிக்குப் பதினான்கு அறை.
டிவிக்குப் பின்னால் பதினான்கு பெட்டி,
ஒவ்வொன்றும் சோப்புக்கட்டி அளவு.
முதலாளி ரெய்யோ சாலோநென் மொத்தமாய் வாங்கியது,
பனி அள்ளும் இயந்திரத்தை விற்ற காசில்.
அந்தக் குளிர்காலம் முழுக்க மண்வெட்டி என் கையில்.

"எல்லாத்தையும் கழற்றிடு, லூசெட்" என்றார்.
சலவைக் கூடையோடு கிளம்பினேன்.

அவருக்குத் தெரியாத ஒன்று:
தங்கிப் போகிறவர்கள் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள்,
சிலர் துண்டைக்கூட மடித்து வைக்கிறார்கள்,
கணக்கிலிருந்து வெளியேறத்தான் மறக்கிறார்கள்.

ஆறாம் அறையில் இன்னும் இருக்கிறான் டுவெய்ன்,
மர லாரி ஓட்டுகிறவன், கை இரண்டும் கிரீஸ்.
பார்த்ததெல்லாம் கேக் சுடும் போட்டி, எழுபது பகுதி.
பதினொன்றில் இரண்டு பெயர்:
'அம்மா', 'அம்மா தொடாதே'.
இரண்டாம் அறையில் ஒரே திமிங்கிலப் படம், இருபத்தாறு தடவை.
மருத்துவமனைக்கென்று வந்த குடும்பம் அது.
குழந்தைக்கு என்ன ஆயிற்றென்று
எந்தப் பெட்டியிலும் இல்லை.

ஒன்பதில் கை நின்றது.

நவம்பர் புயலில் சாலை மூடிய இரவு
ஓர் ஆணும் பெண்ணும், இருவருக்கும் ஒரே பை.
ஒரு துப்பறியும் படம்.
நாற்பத்து மூன்றாம் நிமிடத்தில் நிறுத்தியிருந்தார்கள்.
விளக்கை அணைத்திருக்கலாம். சண்டையாக இருக்கலாம்.
சும்மா தூக்கமாகவும் இருக்கலாம், எனக்கென்ன தெரியும்,
காலையில் இரண்டு காபி கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஐந்து வருடமாய் விரிப்பு மாற்றும்போதெல்லாம்
அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்ப்பேன்.
சலவை இயந்திரம் இரண்டு மாறிவிட்டது.
என் வீட்டு விலாசம் மாறிவிட்டது, குடும்பப் பெயரும்.
கோடு பாதியிலேயே நின்றது.

நள்ளிரவுக்கு இருபது நிமிடம் இருந்தது.
கூடையைக் கதவோரம் வைத்துவிட்டு
பூட்ஸோடு கட்டிலில் உட்கார்ந்து
அழுத்தினேன்.

பிரபுவின் நூலகம். கடிகாரச் சத்தம். மாமன் மகன் பொய் சொன்னான்.
அறுபத்து மூன்றாம் நிமிடத்தில்
சமையல்காரி எழுந்து நின்று
ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

சாம்பல் பட்டை.

கழற்றியபோது பெட்டி இன்னும் சூடாக இருந்தது.
பதினான்கும் சேர்ந்து ஓர் ஈரத் துண்டின் கனம்கூட இல்லை.
கூடையை இடுப்பில் வைத்து
வாகன நிறுத்தத்தைக் கடக்கும்போதுதான் உறைத்தது:

பெட்டிதானே செத்தது, கணக்கு சாகவில்லை.
வேறேதோ ஊரில், புதுத் திரையில்,
அவனோ அவளோ என்றாவது திறந்தால்
கோடு இருபது நிமிடம் நகர்ந்திருக்கும்.

நீயா பார்த்தாய் என்று
ஒருவரையொருவர் கேட்பார்கள்,
கேட்கும் தூரத்தில் இருந்தால்.