ஹார்ட்லி

பீட்டர்ஹெட் துறைமுக அலுவலகம், இரண்டாம் மாடி.
சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்வது என் வேலை.
ஓர் எழுத்தும் திருத்தக் கூடாது என்று
சுவரில் அறிவிப்பு தொங்குகிறது,
இரண்டு எழுத்துப் பிழைகளோடு.

ஐவார்ஸ் வந்து உட்கார்ந்தான்.
லாத்வியாக்காரன், முப்பத்தொரு வயது.
கையுறையைக் கழற்றவில்லை.
'கிரெகர் வலையோடு போனதும் நீ என்ன செய்தாய்?'
கேட்டது விசாரணை அதிகாரி ஷோனா மில்ன்.
அவள் குரலில் கோபம் இல்லை, வேறு எதுவும் இல்லை.
வெளியே ஐஸ் லாரி ஒன்று
பின்னோக்கி வந்தபடி பீப் பீப் என்றது.

'ஐ புல்ட் த ரோப் ஹார்ட்லி.'

தட்டிவிட்டு என் விரல்கள் நின்றன.

ஹார்ட் என்றால் பலமாக.
ஹார்ட்லி என்றால் இழுத்தும் இழுக்காததுமாக.
நடுவே ஒரு வால்தான் வித்தியாசம்.
குயிக்குக்கு அந்த வாலை ஒட்டினால் குயிக்லி,
ஸ்லோவுக்கு ஸ்லோலி.
மாலை வகுப்பில், மீன்வாடை போகாத கையோடு,
இதைத்தான் அவன் நோட்டில் எழுதியிருப்பான்:
வினை எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமா,
சொல்லுக்கு வால் வை.
நல்ல மாணவன். விதியை மீறவில்லை.
விதிதான் அந்த ஓரிடத்தில் அவனைக் கைவிட்டது.

எங்கள் மொழியில்
பெயர்ச்சொல் நங்கூரம் போட்டுக் கிடக்கும்,
வினையும் சுலபத்தில் நகராது.
வினையடை மட்டும் கடற்காகம்.
பாய்மரத்தில் உட்காரும், பின்தளத்தில் உட்காரும்,
அது உட்கார்ந்த இடத்தைப் பொறுத்து
படகே வேறு படகாகிவிடும்.
காலையில் சமையற்காரன் கதை அதுதான்.
அலறலைக் கேட்டது தான் மட்டுமா,
தான் அலறலை மட்டும் கேட்டானா?
ஒரு ஒன்லிக்கு இடம் பிடிக்க
இருபது நிமிடமும் இரண்டு தேநீரும் செலவாயின.

ஆனால் ஹார்ட்லிக்கு வழக்கமான இடம் ஒன்று உண்டு,
வினைக்கு முன்னால்.
வாக்கியத்தின் கடைசியில் அது வந்து உட்கார்ந்ததை
இந்த ஊரில் பிறந்த எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
அது ஹார்டின் நாற்காலி.
இவன் தவறான ஆளை
சரியான நாற்காலியில் உட்கார வைத்திருந்தான்.

ஷோனா தன் சுருக்கத்தை வாசித்தாள்.
அவளுக்கு ஒழுங்கான வாக்கியங்கள் பிடிக்கும்,
கோணலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.
'ஹி ஹார்ட்லி புல்ட் த ரோப்.'
அவன் கயிற்றை இழுத்தான் என்றே சொல்ல முடியாது.
மூன்று சொல் தாண்டி
முன்னால் நகர்த்தியிருந்தாள், அவ்வளவுதான்.
ஐவார்ஸ் தலையாட்டினான்.
'யெஸ்,' என்றான். 'வெரி ஹார்ட்லி.'

பதினாறு வருடத்தில் அந்த அறையில் நான் பேசியதில்லை.
'ஷோனா, அவர் அப்படிச் சொல்லவில்லை.'
'அதே சொல்தானே?'
'அதே சொல்தான். அதே இடமில்லை.'
சுவரைக் காட்டினேன்.
பிழையோடு தொங்குகிற அந்தத் தாளுக்கு
முதல் தடவையாக ஒரு வேலை வந்தது.

அவள் கையுறைகளைப் பார்த்தாள்.
கழற்று என்று சைகை செய்தாள்.
அவன் ஒவ்வொரு விரலாக உரித்தான்.
உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை.
நைலான் கயிறு ஓடிய தடம்
மணிக்கட்டு வரை, வரி பிடித்து.
ஐஸ் லாரி எப்போது நின்றது என்று தெரியவில்லை.

ஷோனா சுருக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினாள்.
என் தாளில் நான் எதையும் தொடவில்லை,
ஹார்ட்லி அவன் வைத்த இடத்திலேயே கிடக்கிறது.
திங்கட்கிழமை கிரெகரின் மனைவி அதை வாசிப்பாள்.
அந்தச் சொல்லில் நிற்பாளா, தாண்டிப் போவாளா?

கடைசியில் ஐவார்ஸ் கையெழுத்துப் போட்டான்.
எப்போது என்பதற்குப் படிவத்தில் ஒரு கட்டம்,
எங்கே என்பதற்கு ஒரு கட்டம்.
எப்படி என்பதற்கு இல்லை.
பேனாவை இரு விரல் நுனியில் பிடித்து
அவன் பெயரை முடிக்கும்வரை
நான் விசைப்பலகையின் மேல்
கைகளைத் தூக்கியபடியே இருந்தேன்.