தோற்கும் காட்சி

ஏழு நிமிடப் படம்.
செல்லூரில் சிக்கந்தர் வீட்டு மாடி அறை.
வாடகை இல்லை, கரண்ட் காசு மட்டும் எங்களுடையது.

கதை இதுதான்:
ஒருவன் போனில் சுட்டுக்கொண்டே இருக்கிறான்.
அடுப்பில் பால் பொங்குகிறது.
தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள்,
வந்தவர்களை எதிரி என்று நினைத்துக்
கட்டிலுக்கடியில் பதுங்குகிறான்.
கடைசியில் தோற்கிறான், அழுகிறான், திருந்துகிறான்.
"சிரிப்பும் வேணும், கருத்தும் வேணும்"
என்றிருந்தார் காசு போட்ட மச்சான்.
காசு என்றால் நாலாயிரத்து முந்நூறு.
அதில் பரோட்டா ஆயிரத்து நூறு.

நாயகன் ஒச்சப்பன்.
நடிப்பான் என்று எடுக்கவில்லை,
நிஜத்திலேயே அப்படித்தான் இருந்தான்.
காளவாசலில் இறங்க வேண்டியவனை
ஆரப்பாளையத்தில் கண்டக்டர் தோளில் தட்டுவார்,
தூங்கியிருக்க மாட்டான்,
சுட்டுக்கொண்டிருப்பான்.

பால் ஒரே டேக்கில் பொங்கியது.
மாப்பிள்ளையின் அப்பாவாக வந்த குபேந்திரன் சித்தப்பா
முதல் ஷாட்டிலேயே கேசரியை நிஜமாகத் தின்றுவிட
அடுத்த ஷாட்டுக்கு உப்புமாவில் மஞ்சள் தூவி வைத்தோம்.
அதையும் தின்றார்.
ஒச்சப்பன் கட்டிலடியில் பதுங்கியது அருமை.
வெளியே வரச் சொன்னால்தான் வரவில்லை.

சிக்கல் தோற்கும் காட்சியில்.
"டே, செத்துப் போடா."
"எப்பிடிண்ணே சாகுறது? எதுக்க நிக்கிறவிங்கெ பூராம் சொத்தப் பயலுக."
மறைவை விட்டு வா என்றேன், வந்தான்.
வெட்டவெளியில் நில் என்றேன், நின்றான்.
எவனோ ஒருவன் குறி பார்த்து, தவறவிட்டான்.
"சத்தியமா நான் சுடலண்ணே,
வெரலு சுட்டுருச்சு."
ஒன்பது டேக்.
ஒன்பது முறையும் ஜெயித்துவிட்டு
எங்களைப் பாவமாகப் பார்த்தான்.
கிளிசரின் போட்டோம்,
கண் எரிய எரிய ஜெயித்தான்.
கீழேயிருந்து சிக்கந்தரின் அம்மா:
"யார்றா அது, செத்துப்போ செத்துப்போன்னு,
வெள்ளிக்கிழம அதுவுமா?"

அப்போதுதான் தஸ்லிமா மேலே வந்தாள்.
பக்கத்து வீடு, ஐந்தாம் வகுப்பு,
கொடியில் காய்ந்த துணி எடுக்க வந்தவள்
வாசலில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"இந்தண்ணன் எடது பக்கம் பாக்கவே மாட்டேங்குறாரு" என்றாள்.

கூலி பேசினோம். ஒரு ஜிகர்தண்டா.
"ஸ்பெஷல்" என்று திருத்தினாள்.
மூலையில் செல்லோடேப் ஒட்டிய
அவள் அம்மாவின் போன் வந்தது.
துணிகளை மடியில் வைத்துக்கொண்டே சம்மணமிட்டாள்.
இரண்டு நிமிடம் நாற்பது நொடி.
இடது பக்கமிருந்துதான் வந்தாள்.

ஒச்சப்பன் திரையைப் பார்த்தான்.
முதலில் சிரித்தான்.
பிறகு தாடை லேசாக ஆடியது.
மூன்று அரியர் விழுந்த அன்றைக்கும்
கறிதோசை கேட்டுச் சாப்பிட்டவன்.
கிளிசரின் இல்லாத ஒரு சொட்டு
மூக்கோரம் இறங்கி மீசையில் நின்றது.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
கட் சொல்ல மனசே வரவில்லை.

திரும்பிப் பார்த்தால்
கேமராக்கார மாரிக்கண்ணு
தஸ்லிமாவின் பின்னால் குனிந்து
அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"என்னா அடிண்ணே!"
கேமராவில் சிவப்புப் புள்ளி எரியவில்லை.

இன்னொரு தடவை தோற்கச் சொன்னோம்.
இப்போது அவனுக்கு இடது பக்கம் தெரிந்துவிட்டது.

தெப்பக்குளம் பக்கம் ஒரு மண்டபத்தின்
சாப்பாட்டுக் கூடத்தில் படம் போட்டோம்.
நாற்பத்தொரு பேர், சாம்பார் வாசனை.
பால் பொங்குகிறது. சம்பந்தம் முறிகிறது.
அவன் ஜெயிக்கிறான்.
விசில் பறந்தது.
"கருத்து எங்கடா?" என்றார் மச்சான்.
நான் தலையைச் சொறிந்தேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல்,
கூடம் முழுக்கக் கேட்கும்படி:
"அவரு செத்தது எங்கண்ணே?"

கடைசி வரிசையில் போனும் கையுமாக இருந்த ஒச்சப்பன்
மெல்லத் தலையைத் தூக்கி
இடது பக்கம் பார்த்தான்.