நூறில் ஒருவர்

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை
யார் படிக்கிறார்கள்?
பதினாறாக மடித்த அதை நான்
ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன்.

அதெலினோவின் வலக்கை ஆடத் தொடங்கி
மூன்று வருடம்.
சூப்பு கரண்டியிலிருந்து சட்டைக்கு,
சட்டையிலிருந்து என் வாளிக்கு.
செதூபல் துறையில் அக்கரைப் படகைக்
கல்லில் உரசாமல் அணைத்த கை அது.

புது மாத்திரை, ஆறாவது வாரம்:
விளிம்பு தொட்ட காபியை
ஒரு சொட்டு சிந்தாமல் எடுத்து வந்து
என் முன் வைத்தார்.
அழுது முடிப்பதற்குள் ஆறிவிட்டது.

பிறகு அந்தக் கை
சுரண்டத் தொடங்கியது.

தெருமுனைப் புகையிலைக் கடையில்
சுரண்டல் சீட்டு இரண்டு யூரோ.
காலையில் ஒன்று. மாலைக்கும் ஒன்று.
அப்புறம் கடைக்காரி ஒதீலியா
அவருக்கென்றே புதுக் கட்டைப் பிரித்து வைக்கும் அளவுக்கு.
கோட்டுப் பையில் வெள்ளித் தூள்,
தலையணையில் வெள்ளித் தூள்.
மத்தி மீன் கழுவினேன், செதில் என்றார்.
வீட்டில் மீனே இல்லை.

தேவாலயக் குலுக்கலில் விழுந்த கோழியைக்கூட
கூச்சப்பட்டுத் திருப்பிக் கொடுத்த மனிதர்.

கூரைக்கென்று சேர்த்த நாலாயிரத்து இருநூறும்
போனது தெரிந்த நாளில்
என் வாயில் வராத வார்த்தை இல்லை.
அவர் அப்பாவின் கல்லறை வரை போய் வந்தேன்.
பதில் பேசாமல் கட்டைவிரல் நகத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி மழை.
ஒழுகலுக்கு விலக்கி மேசையை இழுத்தபோது
தாள் வெளியே வந்தது, ஈரமாக.
நின்றபடியே படித்தேன்.
குமட்டல். கால் வீக்கம். இல்லாத ஆட்கள் தெரிதல்.
அதற்கும் கீழே, எறும்பு எழுத்தில்,
அடக்க முடியாத சூதாட்ட வேட்கை.
நூறில் ஒருவருக்கு.

ஒரு நடைக்கு நூறு பேரை ஏற்றியவர்.
தொண்ணூற்றொன்பது பேரும் இறங்கி
வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எழுப்பிச் சொன்னேன்.
வெகுநேரம் கூரையைப் பார்த்துக் கிடந்தவர்,
"ஃபெலிஸ்மினா," என்றார்,
"நூறில் ஒன்று. ஆயுளில் முதல்தடவை
எனக்கு விழுந்திருக்கிறது."
ஈரத் தாளாலேயே அடித்தேன். சிரித்தோம்.
பிறகு அவர் சிரிப்பது நின்றது:
"அப்படியென்றால் கை மறுபடி ஆடுமா?"

டாக்டர் பாதியாகக் குறைத்திருக்கிறார்.
கை பாதி ஆடுகிறது.
காபி இப்போது அரைக் கோப்பைதான்.

தாளைப் பத்திரப்படுத்திவிட்டு
கோட்டில் மிஞ்சியிருந்த, சுரண்டாத ஒரு சீட்டை
மடித்து மேசைக்காலுக்கு வைத்திருக்கிறேன்.
அவர் அதை மறந்துவிட்டார்.
சில ராத்திரிகளில்
நான்தான் குனிந்து பார்க்கிறேன்.