வெள்ளைக்கரு மட்டும்

கம்பம் பெரியாஸ்பத்திரியில் கொடுத்த தாளில்
ஒரு தட்டு வரைந்திருக்கிறது.
பாதித் தட்டு காய், கால் தட்டு பயறு,
மிச்சக் காலில்தான் சோறு.
ஓரத்தில், யாரும் கேட்காமலே, ஒரு ஆப்பிள்.

"இருநூத்தி எண்பத்தி நாலு" என்றார் டாக்டரம்மா,
லாட்டரி நம்பர் வாசிக்கிற மாதிரி.
"ரேசன் அரிசியா சாப்புடுறீங்க?"
ஆமா.
"அதக் கொறைங்க."
குறைத்துவிட்டு எதைக் கூட்டுவது என்று
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் அச்சகத்தின் பெயர் இருந்தது.

நாலரை மணி ஜீப்.
பதினாறு பேர் நெருக்கும் வண்டியில்
பதினேழாவதாக என் காலடியில் பன்னிரண்டு கிலோ.
சும்மா கிடைத்த அரிசி.
விற்கப் போனால்தான் அதற்கு விலை வருகிறது,
கேஸும் வருகிறது.

மேட்டுப் பாதையில் எங்களுக்கு முன்னே
காய் லாரி முக்கி முக்கி ஏறுகிறது.
பீன்ஸ், முருங்கை, பீட்ரூட், புடலை.
எங்கள் வாய்க்கால் தண்ணீரில் விளைந்ததில்
நேரானது மலையேறும்;
வளைந்ததும் புழு வைத்ததும் கீழே தங்கும்,
சாயந்தரம் கூறு இருபது ரூபாய்.
தாளில் இருக்கிற தட்டு
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு அந்த லாரியில்தான் போகிறது.
அதன் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே
கணக்குப் போடுகிறேன்.

எஸ்டேட் கூலியைத் தொட முடியாது,
அது வாங்குமுன்பே குழுக் கடனுக்குப் போன காசு.
அரிசி கிலோ பத்து. நூற்றி இருபது.
கேப்பை நாற்பத்தெட்டு, ரெண்டு கிலோ தொண்ணூற்றாறு.
மிச்சம் இருபத்தி நாலு.
மூணு முட்டை. அல்லது
பாசிப்பயறு கொஞ்சம். அல்லது
ஒரு கட்டுக் கீரை.
அல்லது, அல்லது.
ஏழாவதோடு நின்ற படிப்பில்
இந்த ஒரு சொல்லை மட்டும்
இப்போதுதான் முழுசாகப் படிக்கிறேன்.

சாவடியில் டார்ச் உள்ளே நுழைந்து
ஒவ்வொரு மடியாகத் தடவிப் போனது.
"என்ன மூட்ட அது?"
"சோத்துக்குத்தான் சார்."
பொய்யில்லை.
பேச்சியக்கா தன் முந்தானையை
மூட்டைமேல் இழுத்துவிட்டுக் கொட்டாவி விட்டாள்.
அவளுக்குக் கொதிப்பு. அவளிடமும் ஒரு தாள் உண்டு.
உப்பு ஆகாதாம்.
கருவாடு இல்லாமல் அவளுக்குக் கஞ்சி இறங்காது;
தாளை நாலாய் மடித்துக்
கதவு ஆடாமலிருக்கச் செருகியிருக்கிறாள்.

அன்னக்குட்டிச் சேச்சி நிறுத்துப் பார்த்தாள்,
நூறு கிராம் குறைகிறது என்றாள், விட்டும் கொடுத்தாள்.
ஒரு படி அள்ளி முற்றத்தில் வீச
நாற்பது கோழியும் பறந்து வந்தன.
நின்று பார்த்தேன்.
சர்க்கரை வராத ஜென்மங்கள்.
அதுகள் போட்ட முட்டையில் மூன்றை
எட்டு எட்டு ரூபாய் கொடுத்து வாங்கி,
பகலெல்லாம் ஏலச்செடிகளுக்கு நடுவே
தூக்குவாளிக்குள், தவிட்டுக்குள்,
பிள்ளையைப் போல வைத்துக் களை பறித்தேன்.

ராத்திரி களி ஆறுகிறது.
அவித்த முட்டையை நூலால் அறுக்கிறேன்.
எனக்கு வெள்ளைக்கரு மட்டும்.
மஞ்சளைத் தூக்கிப் போட்டுருங்க என்றவர்
எங்கே என்று சொல்லவில்லை.
தர்ஷிகா வாயைத் திறந்து காட்டுகிறாள்.

அவள் தூங்கினபிறகு
அடுத்த தடவை இன்னும் ரெண்டு கிலோ
சேர்த்து விற்கலாமா என்று
அரிசி டின்னுக்குள் கையை விடுகிறேன்.
முழங்கை வரவில்லை,
அதற்குள் தகரம் தட்டுகிறது.