வினைமுற்று

பெயர் கோகிலவாணி.
சிரிக்காதீர்கள்.
வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும்
அந்தப் பெயருக்கும் எனக்கும் பழக்கமில்லை.

ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி மில்.
அதன் ஆய்வகத்தில்
(ஒரு மேசை, ஒரு தராசு, ஈரம் பார்க்கும் மீட்டர்,
மழைக்காலமானால் ஒரு தவளை)
நாலு வருஷமாகக்
குச்சிக்கிழங்கின் வெள்ளையைச் சோதிக்கிறேன்.
கண் தப்பாது. கை தப்பாது.
வாய்தான்.

தொடக்கமெல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.
"சார், பதினேழாம் லாட்டு ஈரம் வந்து..."
மேனேஜர் குழந்தைவேல் கணக்கிலிருந்து நிமிர்வார்.
அவ்வளவுதான்.
மிச்சத்தைத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டு
திரும்பிவிடுவேன்.

வேறு மொழியில் எப்படியோ,
தமிழில் இது ஆபத்து.
ஆமா, இல்லை இரண்டையும்
வாலில் வைத்திருக்கிற மொழி இது.
வந்ததா வரவில்லையா, ஏற்றவா நிறுத்தவா,
கடைசி எழுத்து வரை
காது நீட்டிக் காத்திருக்க வேண்டும்.
ஏழாம் வகுப்பில் படித்ததுதான்:
பொருள் முடிந்து நின்றால் முற்று,
முடியாமல் நின்றால் எச்சம்.
நாலு வருஷம் நான் பேசியதெல்லாம் எச்சம்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை.
மீட்டர் பதினாலைத் தாண்டிக் காட்டியது.
களத்துக்கு ஓடிப்போய்
"பதினேழை ஏத்த வேணாம்" என்றேன்.
என்றுதான் நினைத்தேன்.
"வே" வரைக்கும் வெளியே போனது.
மீதியை நான் பாதி விழுங்க
சல்லடை எந்திரம் பாதி விழுங்கியது.
பச்சமுத்து காதில்
வேணும் என்று விழுந்திருக்கிறது.
இருநூறு மூட்டை. மாதேசன் லாரி. நாக்பூர்.

பதினோரு நாள் கழித்துத்
திரும்பி வந்த மூட்டைகளுக்குப்
புளித்த மாவு வாடை.
யாரும் திட்டவில்லை.
"நீ சொன்னியாம்மா?" என்றார் குழந்தைவேல்.
"சொன்னேன்னு நெனைக்..."
அதையும் விழுங்கினேன்.

வீடு ஏற்காட்டில்.
தினமும் ஆறே முக்கால் பஸ்ஸில் இறங்குகிறேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
இறங்குகிறவர்களுக்குப் பலகைகள்
தலைகீழாக எண்ணும்.
மார்கழிப் பனியில் முன்கண்ணாடி முழுக்கப் பால்.
அப்போதுதான் கவனித்தேன், ஹார்னை.
எதிரில் வருவது தெரிந்த பிறகு
அடிப்பதில்லை டிரைவர்.
தெரியாததால்தான் அடிக்கிறார்.
"தப்பா எடுத்துக்காதீங்க" என்று
ஆரம்பிப்பதில்லை அது.
"சும்மாதான் சொன்னேன்" என்று
முடிவதுமில்லை.

பத்தொன்பதாவது வளைவில் ஆரம்பித்தேன்.
வளைவு நிமிர்வதற்குள்
ஒரு வாக்கியம் நிமிர வேண்டும்.
வேணாம்.
"ணா"வுக்கு வாய் திறந்து,
"ம்"முக்கு உதடு மூடும் வரை
விட்டுவிடக் கூடாது.
பதினாறில் மூச்சு போதவில்லை.
பதினொன்றில் வாந்தி வரும்போல் இருந்தது.
ஒன்பதில், சௌசௌ மூட்டையோடு
பக்கத்தில் இருந்த அம்மா
"யார்கிட்ட பேசற?" என்று கேட்க
"வேணாம்" என்றேன், முழுசாக.
மூட்டையை இழுத்துக்கொண்டு
பின் சீட்டுக்குப் போய்விட்டார்.
வேலை செய்கிறது என்று தெரிந்தது.

தை பிறந்து நாலாம் நாள்.
முப்பத்தொன்றாம் லாட்டு.
பச்சமுத்து முதுகில் ஏற்கெனவே ஒரு மூட்டை.
குரல் அழகாக வந்ததென்று சொல்ல மாட்டேன்.
கிணற்றில் விழுந்த வாளி போல
இடித்துக்கொண்டே வந்தது.
"முப்பத்தொண்ணு ஈரம் அதிகம்.
ஏத்த வேணாம்."

குழந்தைவேல் நிமிரவில்லை.
"சரி" என்றார் கணக்கைப் பார்த்தபடி.
பச்சமுத்து மூட்டையை இறக்கிவிட்டு
பீடி தேடினான்.
சல்லடை அதுபாட்டுக்கு ஆடியது.

முழங்கால் நடுங்க
நான்தான்
இன்னும் கொஞ்ச நேரம்
அந்த "ம்"மில்
உதடு மூடியபடி நின்றிருந்தேன்.